கழுவாமல் விட்ட படம்

அடுத்தவர்களின் விலா எலும்புகளைத் தேய்த்துக் கழுவிப் பூக்கூடை தைத்துக்கொண்டிருந்தவள் நான். இதைச் சொன்னால் கேட்பவர்கள் முகத்தைச் சுளிப்பார்கள். சுளித்தால் சுளிக்கட்டும். அந்தக் காலத்தில் அவர்கள் வீட்டுக் கூடத்தில் தொங்கிய விளக்குக் கூண்டும் என் கையால் தைத்ததாகத்தான் இருக்கும்.

எழுபதுகளின் கடைசியில் எங்கள் ரப்பர் தோட்டத்தை விற்றுத் துண்டு போட்டார்கள். சுற்றியிருந்த தோட்டங்களுக்கெல்லாம் பொதுவாக இருந்த ஆஸ்பத்திரியையும் மூடினார்கள். அங்கே எடுபிடி வேலை பார்த்த அப்பா, ஈப்போவுக்குக் குடிவந்தபோது வீட்டிலிருந்த பீரோவை விட்டுவிட்டு, குழி வெட்டிப் புதைக்கச் சொல்லிக் கொடுத்த பழைய எக்ஸ்ரே படங்களைச் சாக்குச் சாக்காக லோரியில் ஏற்றிக்கொண்டு வந்தார். ஏன் என்று கேட்டால், "நல்ல பிளாஸ்டிக்லா, மண்ணுல போட மனசு வரல" என்றார். ஈப்போவின் புந்தோங் பகுதியில் வாடகைக்கு எடுத்த பலகை வீட்டில், அந்தச் சாக்குகளுக்கு ஒதுக்கியது போக மிஞ்சிய இடத்தில்தான் நாங்கள் படுத்தோம்.

அவற்றுக்கு ஒரு வழி கண்டுபிடித்தவள் நான். பெரிய அலுமினியத் தொட்டியில் வெளுப்பு மருந்தைக் கலந்து படத்தை முக்கினால், கறுப்பெல்லாம் வழவழவென்று உரிந்து வந்துவிடும். தேங்காய் நாரால் இரண்டு பக்கமும் தேய்த்தால், இளநீலத்தில் கண்ணாடி போன்ற ஒரு தகடு கையில் நிற்கும். இரண்டு தகடுகளுக்கு நடுவே பழைய வாழ்த்து அட்டையை வைத்து, ஓரமெல்லாம் துளை போட்டு, கம்பளி நூலால் தைத்துச் சேர்ப்பேன். கூடை, பெட்டி, விளக்குக் கூண்டு எல்லாம் வரும். உடைந்த குடைகளின் கம்பியை வளைத்துக் கிறிஸ்துமஸ் நட்சத்திரமும் கட்டுவேன். தீபாவளிக்குக் கேட்டவர்களுக்கு உள்ளே லட்சுமி, எங்கள் கோவில்காரர்களுக்கு மாதா. தகட்டில் முன்பு யாருடைய எலும்பு இருந்தது என்று இரண்டு தரப்பும் கேட்டதில்லை.

கழுவும்முன் ஒவ்வொரு படத்தையும் வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பது என் வழக்கம். ஒரு டிசம்பர் மாதச் சனிக்கிழமை, நட்சத்திரங்களுக்குத் தகடு போதாமல், அவசரத்தில் பார்க்காமலேயே ஒன்றன்பின் ஒன்றாக முக்கிக்கொண்டிருந்தேன். பாதி முக்கிய ஒரு படத்தில் கை நின்றுவிட்டது. தோள்பட்டைப் பக்கம் நான்கு வெள்ளைப் புள்ளிகள். மூன்று ஒரே வரிசையில், ஒன்று சற்று விலகி.

அந்தப் புள்ளிகளை நான் தொட்டே பார்த்திருக்கிறேன். என் அண்ணன் விடலைப் பருவத்தில் காட்டுப்பன்றி வேட்டைக்குப் போனபோது, கூட வந்தவனின் துப்பாக்கி தவறி வெடித்து ஈயக்குண்டுகள் அவன் தோளில் தங்கிவிட்டன. எடுக்கப் போனால் நரம்புக்கு ஆபத்து என்று அப்படியே விட்டார்கள். சட்டையை விலக்கி, "தொட்டுப் பாரு, உருளும்" என்று காட்டி என்னை அலற வைப்பான்.

படத்தை வெடுக்கென்று இழுத்துக் குழாயடியில் பிடித்தேன். கீழ்ப்பாதி அதற்குள் கரைந்து வழிந்துவிட்டது. மேல்பாதி தப்பியது. குண்டுகளுக்குக் கொஞ்சம் கீழே, கறுப்பாக இருக்க வேண்டிய நெஞ்சில், பஞ்சைப் பிய்த்துப் போட்டதுபோல் வெள்ளையாக ஒரு திட்டு. சாக்குச் சாக்காகப் படம் பார்த்தவளுக்கு அது என்னவென்று யாரும் சொல்லத் தேவையில்லை. அம்மாவின் தம்பி அந்தக் காசநோயில்தான் போனார். அவர் படுத்த பாயைக் கொளுத்தி, சாப்பிட்ட தட்டைத் தோட்டத்து லயத்துக்காரர்கள் புதைத்ததை அண்ணனும் நானும் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறோம்.

குண்டு பாய்ந்தபோது எடுத்த படமாக இருக்குமோ என்று ஒரு கணம் நம்பப் பார்த்தேன். பழைய படங்கள் ஓரமெல்லாம் பழுத்து மஞ்சளாகியிருக்கும். இது புத்தம் புதுசு. பிறகுதான் விளங்கியது. டவுனில் எங்கோ ஒரு கிளினிக்கில் படம் எடுத்திருக்கிறான். அதை என் சாக்குக்குள் செருகிவிட்டால் நானே அறியாமல் கழுவி இல்லாமல் ஆக்கிவிடுவேன் என்று கணக்குப் போட்டிருக்கிறான். எனக்கு முதலில் வந்தது அழுகையில்லை, ஆத்திரம்.

அவனுக்கு ஜனவரியில் கல்யாணம். பெண்ணின் ஊர் சுங்காய் பக்கம் ஒரு ரப்பர் தோட்டம். அவளுடைய அப்பா அங்கே டிரெசர். தோட்டத்தில் காய்ச்சல், காயம், பிரசவம் எல்லாவற்றுக்கும் முதலில் கூப்பிடுவது அவரைத்தான். பெண், பாலர் பள்ளியில் பாடம் சொல்லிக்கொடுத்தாள். நிச்சயத்துக்குப் போனபோது நான் நீட்டிய கூடையை உடனே வாங்காமல், "கை வச்சா பிஞ்சிருமாக்கா?" என்று கேட்டாள். அந்தக் குரல் எனக்குப் பிடித்துப்போயிருந்தது. அதனால்தான் ஆத்திரம் இன்னும் அதிகமானது.

அண்ணன் டயர்க் கடையிலிருந்து வந்ததும் குளியலறை வாசலில் மடக்கினேன்.

"அண்ணே, இது யாரோடது?"

"எது?"

"நடிக்காதலா. தோள்ல குண்டு வேற யாருக்கு இருக்கு?"

அவன் பிடுங்க வந்தான். நான் முதுகுக்குப் பின்னால் மறைத்தேன்.

"கழுவுறதுதானே ஒன் வேல? கழுவிட்டுப் போ."

"டாக்டரு என்ன சொன்னாரு?"

"பெரிய ஆஸ்பத்திரிக்குப் போவச் சொன்னாரு. போனா வார்டுல படுக்க வச்சிருவாங்க. கல்யாணமும் போச்சு, வேலயும் போச்சு. கல்யாணம் முடியட்டும், அப்புறம் போறேன்."

"அந்தப் பொண்ணுக்கு ஒட்டிக்கிச்சுன்னா?"

பதிலுக்கு இருமல்தான் வந்தது. அதையும் கையால் வாயைப் பொத்தி உள்ளேயே அமுக்கினான். கண் சிவந்துபோயிற்று.

"அம்மா அப்பா காதுக்குப் போச்சு, நான் வீட்ட விட்டுப் போயிருவேன். சூசா பண்ணாத, தொல்ல குடுக்காத."

வெறும் மிரட்டல் என்று தள்ள முடியாது. ஒருமுறை அப்பாவோடு சண்டை போட்டுக்கொண்டு சிதியவான் பக்கம் போய், உயிரோடு இருக்கிறானா என்றுகூடத் தெரியாதபடி எங்களை அலைக்கழித்தவன். இந்த நோயோடு போனால் திரும்பி வரமாட்டான் என்று எனக்குப் பட்டது. வாய் கட்டிப்போனது.

மறுநாள் பூசையில் முதல் ஓலை. எங்கள் கோவிலில் கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறுகள் பெண், பிள்ளை பெயரை வாசித்து, இந்தத் திருமணத்துக்குத் தடை இருப்பதாக அறிந்தவர்கள் சாமியாரிடம் தெரிவிக்கக் கடமைப்பட்டவர்கள் என்று சொல்வார்கள். அதுவரை ஓலை வாசிக்கும் நேரம் எனக்குக் கொட்டாவி விடும் நேரம். அன்று ஒவ்வொரு சொல்லும் என் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவதுபோல் இருந்தது. அண்ணன் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தான். இருமலை அடக்கி அடக்கி அவன் உடம்பு குலுங்கியது, எங்கள் பெஞ்சும் சேர்ந்து ஆடியது. அந்தப் பக்கம் அம்மா பூரித்துப்போய் என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். நான் சாமியாரிடம் போகவில்லை.

வீட்டுக்கு வந்ததும் நட்சத்திரம் கட்ட உட்கார்ந்தேன். நடுவில் தைக்க எடுத்துவைத்திருந்த மாதா அட்டையை ஒதுக்கிவிட்டு, தப்பிய மேல்பாதிப் படத்தை அளவாக வெட்டித் தைத்தேன். வாசலில், உள்ளே வருகிறவர் நிமிர்ந்தால் கண்ணில் படும்படி தொங்கவிட்டேன். பகலில் அது வெறும் கறுப்புத் துண்டு. பல்பு எரிந்தால்தான் விலாவும் குண்டுகளும் அந்த வெள்ளைத் திட்டும் தெரியும்.

"என்னடி, நடுவுல கருகின மாதிரி? கழுவ மறந்திட்டியா?" என்றாள் அம்மா.

"இருக்கட்டும்மா. புது மாதிரி."

எலும்புப் படங்களோடு குடித்தனம் நடத்திய அம்மா அதற்குமேல் நிமிர்ந்து பார்க்கவில்லை. அப்பாவுக்குக் கண்ணில் புரை. மறுநாள் பொழுது சாய்ந்து வேலையிலிருந்து வந்த அண்ணன் மட்டும் வாசற்படியில் நின்றுவிட்டான். மேலே பார்த்தான், பிறகு என்னைப் பார்த்தான். உள்ளே போய்விட்டான்.

அதற்கடுத்த நாள் பல்பைக் காணோம். சமையலறைப் பல்பைக் கழற்றி மாட்டினேன். பிறகு ஒரு நாள் ஒயர் அறுந்து கிடந்தது. முறுக்கி ஒட்டினேன். நட்சத்திரத்தையே பிடுங்கி எறிந்திருக்கலாம், எறிந்தால் ஏன் என்று அம்மா கேட்பாள். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும் தைரியம் அவனிடம் இருந்திருந்தால் நட்சத்திரமே தேவைப்பட்டிருக்காது. ஒரே வீட்டில், ஒரே சட்டியிலிருந்து சாப்பிட்டுக்கொண்டு, நாங்கள் இருவரும் ஒருவருக்கும் தெரியாமல் சண்டை போட்டோம். இரண்டாவது ஓலையும் வாசித்தாயிற்று. மூன்றாவது பண்டிகை முடிந்து வரும் ஞாயிறு.

கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் பெண் வீட்டார் வருவதாக இருந்தது. அன்று காலை அண்ணனிடம் சொன்னேன்.

"ஒன் மாமனாருக்குப் படம் பாக்கத் தெரியும். வந்தவுடனே நீயே சொல்லிருண்ணே."

"சொல்லலன்னா?"

"லைட்டு எரியும்."

டிரெசரும் அவர் மனைவியும் காம்பார், கோப்பெங் என்று பஸ் மாறி மாறி, மழையில் நனைந்து வந்து சேர்ந்தார்கள். அம்மா அச்சுமுறுக்கை எடுத்துவைத்து, பந்தல் எங்கே, பந்தி எத்தனை என்று பேசிக்கொண்டேயிருந்தாள். அண்ணன் தலையைக் குனிந்து தேநீரைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் வாய் திறக்கிற மாதிரி தெரியவில்லை. மழை இருட்டில் கூடம் மங்கியது.

"வாசல் லைட்டப் போடு, இருட்டிக்கிச்சு" என்று சொல்லிவிட்டு அம்மா சமையற்கட்டுக்குப் போனாள்.

எழுந்து போனேன். விரலை சுவிட்சில் வைத்தேன். எரியும் என்று வீரமாகச் சொன்னவள் நான்தான், விரல்தான் அசைய மறுத்தது. சபையில் வைத்து என் அண்ணனை அம்மணமாக்கப் போகிறேனே. அவன் மேல் எனக்கு எவ்வளவு பிரியம் என்று அந்த நேரத்திலா தெரிய வேண்டும்.

"தள்ளு" என்றது பின்னாலிருந்து ஒரு குரல். அண்ணன்தான். என் கையை ஒதுக்கிவிட்டு அவனே சுவிட்சைப் போட்டான்.

"மாமா, கொஞ்சம் வெளிய வாங்க."

டிரெசர் வந்தார். நிமிர்ந்தார். அவர் கை தானாகச் சட்டைப் பையில் கண்ணாடியைத் தேடியது. மாட்டிக்கொண்டு, நட்சத்திரத்துக்குக் கீழே தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார்.

"யாருப்பா இது?"

அண்ணன், மேல் பொத்தான்களைக் கழற்றி, சட்டையைத் தோளிலிருந்து இறக்கினான். டிரெசர் விரலால் ஒவ்வொரு குண்டாகத் தொட்டார். மறுபடி மேலே பார்த்தார்.

"எவ்வளவு நாளா இருமல்?"

"தீவாளிக்கு முன்னேருந்து."

"சளியில ரத்தம்?"

அண்ணன் ஆமென்று தலையசைத்தான். அந்த நேரம் பார்த்து அம்மா கேக் தட்டோடு வெளியே வந்தாள். "நட்சத்திரம் நல்லா இருக்காண்ணே? எல்லாம் இவ கைவேலதான்" என்று டிரெசரிடம் சொன்னாள். டிரெசர் அவளையும் அப்பாவையும் உட்கார வைத்து விஷயத்தைச் சொன்னார்.

டிரெசர் கத்தரிக்கோல் கேட்டார். தையலைப் பிரித்து நானே அந்தத் துண்டை வெட்டிக் கொடுத்தேன். "பண்டிக கழிச்சு நானே இவன ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கிட்டுப் போறேன்" என்றார். செருப்பை மாட்டிக்கொண்டு, அப்பாவின் முகத்தைப் பார்க்காமல், "மூணாவது ஓலைய நிப்பாட்டச் சொல்லிருங்க" என்றார். அவர் மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு பின்னால் போனார். அம்மா அண்ணனை ஒன்றும் சொல்லவில்லை. தெரிந்தும் வாயை மூடிக்கொண்டிருந்தாயா என்று என்னைத்தான் அறைந்தாள்.

நடுவில் ஓட்டையோடு அந்த நட்சத்திரம் கிறிஸ்துமஸ் முழுக்கத் தொங்கியது. கேட்டவர்களிடம் எலி கடித்துவிட்டது என்றாள் அம்மா.

அண்ணன் மாதக்கணக்கில் வார்டில் கிடந்தான். வெளியே வந்தும் ஊசிக்கு அலைந்தான். எங்கள் எல்லாரையும் வரிசையில் நிறுத்திப் படம் எடுத்தார்கள், ஒருவருக்கும் ஒட்டவில்லை. சோற்றுத் தூக்கை நான்தான் வார்டுக்குக் கொண்டுபோவேன். வாங்கிக்கொள்வான், என் முகத்தைப் பார்க்கமாட்டான். வீடு திரும்பிய பிறகும் அப்படித்தான். உப்பு வேண்டுமென்றால்கூட அம்மாவிடம்தான் கேட்பான். எனக்கும் ரோஷம் உண்டு. நானும் பேசவில்லை. ஆனால் அவன் அறையில் இருமல் கேட்டால் ஊசி என் கையிலேயே நின்றுவிடும்.

சுங்காயிலிருந்து ஒரு தகவலும் இல்லை. முடிந்துபோன சம்பந்தம் என்றே நினைத்தோம். ஈஸ்டர் சமயத்தில் என் பெயருக்கு, சுங்காய் தபால் முத்திரையோடு ஒரு பார்சல் வந்தது. பிஸ்கட் டின். திறந்தால், உள்ளே பழைய வாழ்த்து அட்டைகள், மடிப்பு நீவி, அளவு பார்த்து அடுக்கி. கடிதம் எதுவும் இல்லை. அம்மா டின்னை மடியில் வைத்துக்கொண்டு அழுதாள். "இந்தப் பொண்ணு எங்கயும் போவலடி" என்றாள். பிறகும் இரண்டு டின்கள் வந்தன.

அண்ணனின் நெஞ்சு சுத்தமாகிவிட்டது என்று டாக்டர் சொன்ன அன்று, அந்தப் புதுப் படத்தை டிரெசர் தம் கையாலேயே ஜன்னலில் பிடித்துப் பார்த்தார். பழைய ஓலை காலாவதியாகிவிட்டதால் மூன்று ஞாயிறும் முதலிலிருந்து வாசிக்க வேண்டியதாயிற்று. மூன்றாவது ஞாயிறு அண்ணன் வழக்கம்போல் என் பக்கத்தில் உட்கார்ந்து, வழக்கம்போல் பேசாமல் இருந்தான். பெஞ்சு ஆடவில்லை.

"தடை இருப்பதாக அறிந்தவர்கள்" என்று சாமியார் வாசிக்கும்போது, அவன் தலையைத் திருப்பாமல் முழங்கையால் என் விலாவில் ஓங்கி ஓர் இடி இடித்தான். அந்த நட்சத்திரத்துக்குப் பிறகு அவன் என்னிடம் பேசிய முதல் பேச்சு அதுதான். நன்றாக வலித்தது. நான் வாயை இறுக மூடிக்கொண்டு, நேராகப் பீடத்தைப் பார்த்து உட்கார்ந்திருந்தேன்.