உறைமோர் வந்த வீடு

அன்று தயிர்ச்சட்டியைச் சாக்கடையில் கவிழ்த்தார்களே, அதற்கு முன் ஒரு மாதமாகச் சாப்பிட்ட தயிரை எங்கே கொண்டுபோய்க் கவிழ்த்திருப்பார்கள்? நுண்ணுயிரியல் படித்தும் எனக்கு இதற்குப் பதில் தெரியவில்லை.

அப்போது எனக்கு ஏழு வயது இருக்கும். ஆரணியில் ஒரு பட்டுத்தறி வீட்டுக்கு அம்மா தார் சுற்றும் வேலைக்கு, அதாவது ஊடை நூலைக் குச்சியில் சுற்றித்தர, போவாள். பள்ளி இல்லாத நாளில் நானும் போவேன். நாங்கள் காலனி என்பதால் அம்மாவுக்கான டம்ளர் கொல்லைச் சுவரில் தனியாகக் கவிழ்ந்திருக்கும்.

ஒருநாள் அந்த வீட்டுப் பூனை மோர்ச்சட்டியை உருட்டிவிட்டது. முதலாளியம்மா அம்மாவைக் கொல்லைப்பக்கம் கூப்பிட்டு, "உங்க வூட்ல ஒறமோரு இருந்தா ஜல்தியா கொண்டாந்து குடு. யாருக்கும் தெரிய வேணாம்" என்றார். நான்தான் ஓடிப்போய்க் கொண்டுவந்தேன். அதன்பின் நேற்றைய தயிரில் இன்றைய பால், இன்றைய தயிரில் நாளைய பால் என்று எங்கள் மோர் அங்கேயே குடித்தனம் நடத்தியது.

ஒரு மாதம் கழித்துச் சம்பந்தி வீட்டார் விருந்துக்கு வந்தார்கள். "தயிரைக் கத்தியால அறுக்கலாம் போலக்கீதே!" என்றார் ஒருவர்.

"களம்பூர்ல எங்கம்மா வூட்டு ஒறமோருங்க" என்றார் முதலாளியம்மா, கூசாமல்.

கொல்லை வாசலில் நின்றிருந்த நான் விடுவேனா? "இல்ல, அது எங்க வூட்டு மோரு! நான்தான் எட்டாந்தேன்!"

இலையில் கைகள் அப்படியே நின்றன. அம்மா என் தொடையில் கிள்ளினாள். "கொழந்த ஏதோ ஒளறிகினு கீதுங்க" என்றாள். அம்மா சொன்னதை யாரும் நம்பவில்லை. சட்டி சாக்கடைக்குப் போனது. மறுநாள் முதல் அம்மாவுக்கு அங்கே வேலை இல்லை. பொய் சொன்னது யார், வேலை போனது யாருக்கு?

கல்லூரியில் பாக்டீரியாவை இனம்பிரிக்கக் கற்றுக்கொடுத்தார்கள். உருண்டையா குச்சியா, எந்தச் சாயம் ஏறுகிறது, எந்தச் சர்க்கரையைப் புளிக்கவைக்கிறது என்று எத்தனையோ சோதனைகள். எந்தத் தெருவிலிருந்து வந்தது என்று கண்டுபிடிக்க ஒரு சோதனையும் இல்லை. நம் எல்லோர் குடலிலும் அவை கேட்காமலே குடியிருக்கின்றன.

உண்மைக்கு ஏன் கிள்ளு என்று அன்று எனக்குப் புரியவில்லை. இப்போது வாடகை வீட்டில் இருக்கிறேன். வீட்டுக்காரம்மா போன வாரம் உறைமோர் கேட்டார். என் நாலு வயது மகள்தான் கிண்ணத்தில் கொண்டுபோய்க் கொடுத்தாள். நாங்கள் யார் என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. வரும் ஞாயிறு அவர் வீட்டு விசேஷத்துக்கு எங்களையும் அழைத்திருக்கிறார். மகளுக்கு வாய் சும்மா இருக்காது. என் கை அவள் தொடைக்குப் போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது.

அவளிடம் என்ன சொல்லி அழைத்துப்போவது? பிள்ளை வளர்த்தவர்கள் யாராவது சொல்லுங்களேன்.