எங்கள் அருவியைத் திறந்துவிட்ட நாள்

பேர்கன் நகரத்துக்கு வந்த புதிதில் எனக்கு விளங்காமல் போனது குளிரும் மழையும் அல்ல, திங்கட்கிழமைக் கேள்விதான். நோர்வேயில் திங்கள் காலை அலுவலகத்தில் ஒருவரை ஒருவர் பார்த்ததும், "நேற்று எந்த மலைக்குப் போனாய்?" என்று கேட்கிறார்கள். பஸ்ஸில் என் பக்கத்து இருக்கை காலியாக இருந்தும் நின்றுகொண்டே வருகிற மனிதர், ஞாயிற்றுக்கிழமை மலைப்பாதையில் எதிர்ப்பட்டால் நெடுநாள் பழகியவர்போல் "ஹெய்" என்கிறார். நான் பிறந்து வளர்ந்தது கண்டிக்கு மேலே, ஹந்தானை மலையின் பின்பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில். முதுகில் கொழுந்துக் கூடையோடு, கங்காணியின் மேற்பார்வையில் ஆறு நாளும் மலையில் ஏறி இறங்குகிற எங்களுக்கு ஞாயிறு என்றால் மலையை விட்டுக் கீழே போகும் நாள். தலைக்கு எண்ணெய் வைத்து, இருப்பதில் நல்லதை உடுத்தி, பஸ் பிடித்துக் கண்டி டவுனுக்குப் போய், சமதரையில் ஆசைதீர நடந்துவிட்டு வருவோம். லீவு நாளில் இங்கே ஊரே மலை ஏறுகிறது என்று போனில் சொன்னபோது அம்மா, "கூடை இல்லாமலா? அப்ப கங்காணி யாரு?" என்று கேட்டார்.

என்னை அந்த மலைகளுக்கு இழுத்துப் போனவள் சோல்வெய். ஐம்பத்தைந்து வயது, அலுவலகத்தில் எனக்கு எதிர் மேசை. நாங்கள் இருவரும் குடிநீர்க் குழாய்களுக்கு வரைபடம் போடுகிறவர்கள். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முழுதாக முடித்த முதல் ஆள் நான். பேராதனையில் பொறியியல் படித்து, மேற்படிப்புக்கு நோர்வே வந்தவள். இதைச் சொல்ல வாய்ப்புக் கிடைத்தால் விடமாட்டேன், இங்கேயும் விடவில்லை பாருங்கள். சோல்வெய்க்கு அருவிகள் என்றால் பைத்தியம். நயாகரா, விக்டோரியா, இகுவாசு என்று உலகத்தின் பெரிய அருவிகளை எல்லாம் போய்ப் பார்த்து, நீல அட்டைக் கொப்பி ஒன்றில் பத்துக்கு இத்தனை என்று மார்க் போட்டு வைத்திருக்கிறாள். நயாகராவுக்கு ஏழு. சுற்றிலும் கடைகள் அதிகமாம். அவளுடைய சொந்த ஊர் அருவிக்குப் பத்து.

மார்க் என்று யாராவது வாயெடுத்தால் எனக்கு இருப்புக்கொள்ளாது. "எங்கள் வீட்டுக்குப் பின்னாலேயே ஓர் அருவி இருக்கிறது" என்று சொல்லி, நவம்பர் மழையில் எடுத்த படத்தைக் காட்டினேன். பாறை முழுக்க வெள்ளையாக நுரைத்துக் கொட்டும் படம். சோல்வெய் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுப் பார்த்தாள். அடுத்த மார்ச்சில் நான் ஊருக்குப் போனபோது கொப்பியோடு கூடவே வந்துவிட்டாள். மார்ச் மாதம் எங்கள் பக்கம் எப்படிக் காயும் என்பதை நான் மறந்தே போயிருந்தேன். இரண்டு வருடம் பேர்கன் மழையில் நனைந்தால் யாருக்கும் மறந்துபோகும்.

போய்ச் சேர்ந்த மறுநாள் காலை, பிளேன்டீ குடித்ததும் கிளம்பினோம். ரொட்டியும் கட்டச்சம்பலும் வாழையிலையில் கட்டி எடுத்துக்கொண்டு அம்மா முன்னால் நடந்தார். இன்னொரு கையில் வாளி, அதற்குள் சவர்க்காரமும் துவாயும். அருவிக்குப் போய்விட்டுக் குளிக்காமல் திரும்புவது எங்கள் ஊரில் கல்யாண வீட்டுக்குப் போய்ச் சாப்பிடாமல் வருவதைப் போல. என் அண்ணன் சிவா கடைசியில் வந்தான். பாதையோரம் கறுப்புப் பைப்புகள் வரிசையாகக் கிடந்தன, மொத்தம் இருபத்து மூன்று. எங்கள் லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், ஒவ்வொரு வீடும் அருவியின் தலைமாட்டில் இருக்கும் சின்னக் குட்டையில் ஒரு பைப்பைச் செருகி, மேலே கல்லை வைத்து, தண்ணீரை வீட்டு வாசல்வரை கொண்டு வந்திருக்கிறது.

"இவையெல்லாம் என்ன?" என்று சோல்வெய் கேட்டாள்.

இயற்கை அதிசயத்துக்குப் பக்கத்தில் பைப் கிடந்தால் மார்க் குறையுமே என்ற பயத்தில், "ஏறும்போது பிடித்துக்கொள்ள. கைப்பிடி" என்றேன். முப்பது வருடம் குழாய் வரைந்த ஒருத்தியிடம் போய் இப்படிச் சொன்னேன். அவள் மரியாதையாக ஒரு பைப்பைப் பிடித்துக்கொண்டு ஏறினாள். பத்தாவது அடியில் அதன் மூட்டு கழன்று அவள் முகத்தில் பீச்சி அடித்தது.

"உங்கள் கைப்பிடி ஒழுகுகிறது" என்றாள்.

அண்ணன் ஓடிவந்து டியூப் ரப்பரைச் சுற்றி மூட்டை இறுக்கினான். மேலே போனோம். அருவி இல்லை. பாறை மட்டும்தான் இருந்தது. காய்ந்து வெளுத்த அந்தப் பாறையில் ஓர் ஓணான் வெயில் காய்ந்துகொண்டிருந்தது. சோல்வெய் கொப்பியைத் திறந்து, பேனாவின் மூடியைக் கழற்றி, ஓணானைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். பரீட்சை மண்டபத்தில்கூட எனக்கு அப்படி வியர்த்ததில்லை.

"என்னம்மா, தண்ணி எங்க?" என்று அம்மாவின் காதில் கேட்டேன்.

"இந்த வெயில்ல எங்கிட்டு ஊத்தும்? இருக்கிறதெல்லாம் பைப்புலதான் போவுது. ஏன், ஒனக்குத் தெரியாதா? நீதானே பெரிய தண்ணி இஞ்சினியரு."

"பத்துக்கு மார்க் போடப் போறாங்கம்மா."

அம்மா வாளியைக் கீழே வைத்தார். மார்க் என்ற சொல் அவருக்கும் தெரியும். என் ரிப்போட் கார்டுகளை எல்லாம் அலுமாரியில் பட்டுச் சேலைக்கு அடியில் வைத்திருப்பவர்.

"அப்ப தொறந்துவிட வேண்டியதுதான்" என்றார்.

அண்ணன் பதறிவிட்டான். "சும்மா இரும்மா. கேக்காம ஒருத்தர் பைப்புல கைய வச்சா லயமே சண்டைக்கு வந்துரும்."

உண்மைதான். அடுத்த வீட்டுக் கோழியைப் பிடித்தாலும் எங்கள் ஊரில் மன்னிப்பு உண்டு, அடுத்த வீட்டுப் பைப்பைத் தொட்டால் கிடையாது. அம்மா இடுப்பிலிருந்து போனை எடுத்தார். ஒவ்வொரு வீடாகக் கூப்பிட்டார். "வெள்ளக்காரம்மா வந்து பாறைய பாத்துக்கிட்டு நிக்கிது, மானம் போவுது, கொஞ்ச நேரம் பைப்ப எடுத்துக்கிறேன்." இதையே இருபத்தொரு தரம் சொன்னார்.

சோல்வெய் குரலைத் தாழ்த்தி, "உன் அம்மா பிரார்த்தனை செய்கிறாரா?" என்று கேட்டாள்.

"ஏறத்தாழ" என்றேன்.

கடைசியாக மீதி இருந்தது பரமேஸ்வரி அக்காவின் வீடு. போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடிக்க வேண்டிய குரல் அவருக்கு. "என்னது, அருவிய பாக்கவா? தண்ணி கீழ விழுவுறத பாக்கவா அம்புட்டு தூரத்துலேருந்து வந்துச்சு? என் மகளுக்கு இப்ப தலைக்கு ஊத்தணும்."

"பரமு, நம்ம புள்ள மானம்டி."

அந்தப் பக்கம் ஒரு பெருமூச்சு. "இருவது நிமிசம். அதுக்கு மேல ஒரு சொட்டுக் கெடையாது."

அண்ணன் மேலே ஓடினான். கற்களைப் புரட்டும் சத்தம் கேட்டது. முதலில் பாறையின் நெற்றி கறுத்தது. நூல்போல ஒரு கோடு இறங்கியது. ஓணான் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு ஓடியது. பிறகு நூல் கயிறாகி, கயிறு தோள்துண்டாகி, ஒரு சேலையின் அகலத்துக்குத் தண்ணீர் வந்து விழுந்தது. கூடவே காய்ந்த இலைகள், ஒரு தகர டப்பா, அண்ணனின் இடது கால் செருப்பு. நயாகரா அளவுக்கு இல்லைதான். ஆனால் சோல்வெய் பேனாவைப் பிடித்தபடியே வாயைத் திறந்து நின்றாள். அம்மா அவளுடைய கையில் சவர்க்காரத்தைத் திணித்தார். அவள் அதைப் பரிசு என்று நினைத்து முகர்ந்து பார்த்து, நெஞ்சில் அணைத்துக்கொண்டு தலைகுனிந்தாள். ஏதோ ஒரு பெரிய விஷயம் நல்லபடியாக முடிந்துவிட்டது என்று நினைத்தேன்.

அப்போது கீழேயிருந்து மலையே திரும்பிப் பார்க்கும்படி ஒரு குரல் வந்தது.

"யக்கோவ்! இருந்த தண்ணிய வச்சு ஆரம்பிச்சிட்டேன். புள்ள தலை பூரா சோப்பு! கண்ண தொறக்க முடியல! பைப்ப போடுங்க!"

அண்ணனுக்கு அது கேட்டிருக்க வேண்டும், கைக்கு அகப்பட்ட பைப்புகளை எல்லாம் அள்ளிச் செருகியிருப்பான். சோல்வெய் கெமராவைக் கண்ணருகே கொண்டுபோன நொடியில், அருவி நின்றது. யாரோ குழாயைத் திருகி மூடியதைப் போல. பாறையிலிருந்து கடைசிச் சொட்டு விழுவதை நாங்கள் மூவரும் பார்த்தோம்.

இனி மறைக்க வழியில்லை. குட்டை, கல், இருபத்து மூன்று வீடு, பரமேஸ்வரி அக்காவின் மகள் என்று எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். "கைப்பிடியும் பொய்தான்" என்றேன்.

"கைப்பிடி எனக்கு அப்போதே தெரியும்" என்றாள் சோல்வெய். பிறகு மெதுவாக, "நான் பார்த்த அருவிகள் எல்லாம் நான் வராவிட்டாலும் விழுந்துகொண்டுதான் இருந்திருக்கும். எனக்காக ஒன்றை யாரும் திறந்துவிட்டதில்லை" என்றாள். சொன்னவள் சும்மா நிற்கவில்லை. சப்பாத்தைக் கழற்றிவிட்டுக் குட்டைக்கு ஏறி, முழங்காலளவு தண்ணீரில் இறங்கி, மீதிப் பைப்புகளை அண்ணனோடு சேர்ந்து செருகினாள். எந்த வீட்டுப் பைப் எது என்று தெரியாமல் இடம் மாற்றிச் செருகியதில் அன்று மாலைவரை லயத்தில் சண்டை. அது வேறு கதை.

இறங்கும்போது அம்மா பொறுக்கமாட்டாமல், "எத்தன மார்க்குன்னு கேளு" என்றார்.

சோல்வெய் கொப்பியைக் காட்டினாள். அருவிக்கு ஒன்பது. படம் எடுக்கும்போது நின்றுபோனதற்கு ஒன்று குறைத்திருந்தாள். அதற்குக் கீழே, எந்த அருவிக்கும் போடாத ஒரு புது வரி: அம்மா, பத்து. மூன்றாம் வகுப்போடு நின்றுபோன அம்மா, எழுதிய முதல் பரீட்சையிலேயே பத்துக்குப் பத்து. இரண்டு பட்டம் வாங்கிய எனக்கு அந்தக் கொப்பியில் ஒரு வரிகூட இல்லை.

போன ஞாயிற்றுக்கிழமை சோல்வெய் என்னைத் தன் பத்து மார்க் அருவிக்குக் கூட்டிப் போனாள். மலையே உடைந்து ஊற்றுவதுபோல இரைச்சல், எங்கள் லயத்தையே மறைக்கும் அகலம். அவள் அருவியைப் பார்க்காமல் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நானும் வாயைப் பிளந்தேன், பத்துதான் என்று ஒத்துக்கொண்டேன். ஆனால் என் கண் தண்ணீர் விழுகிற இடத்தில் நிற்கவில்லை. அது மேலே, குட்டை இருக்க வேண்டிய இடத்தில், கறுப்புப் பைப்புகளைத் தேடிக்கொண்டிருந்தது. இவ்வளவு நேரமாக இது திறந்தே கிடக்கிறதே, கீழே எங்கேயோ ஒரு வீட்டில் யாரோ தலையில் சோப்போடு, கண்ணை இறுக மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்களே என்று எனக்குக் கால் தரிக்கவில்லை. ஓடிப்போய் ஒரு பைப்பையாவது செருகிவிட்டு வர வேண்டும்போல இருந்தது.