கழுத்தில் போட்ட விறைப்பூசி

கொழுந்துக் கூடைக்குள் தண்ணீர் தெளித்து எடை கூட்டியிருக்கிறார்களா என்று கைவிட்டுப் பார்த்தே பழகியவள் நான். ரிவர்ஸ்டன் மலைக்குப் போகிற வழியில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கங்காணி வேலை. யார் சொல்லையும் அப்படியே நம்பினால் அந்த வேலை நடக்காது. தொண்டை இல்லாவிட்டாலும் நடக்காது. இந்த மலையில் நின்று அந்த மலையில் கொழுந்து எடுக்கிறவளைக் கூப்பிட வேண்டும்.

கழுத்தில் தைரொய்டு வீங்கி, வெட்டி எடுக்க வேண்டும் என்றபோதே பெரிய டொக்டர் சொல்லிவிட்டார், குரலுக்குப் போகிற நரம்பு அதை ஒட்டித்தான் ஓடுகிறது, கவனமாகச் செய்வோம் என்று. கவனமாகச் செய்வோம் என்று யாராவது சொன்னாலே எனக்குச் சந்தேகம் வந்துவிடும்.

ஒப்பரேஷனுக்கு முதல் நாள் மயக்க மருந்து கொடுக்கிற டொக்டர் வந்தார். சின்ன வயசு சிங்களப் பெண். தெரிந்த தமிழில் பொறுமையாகச் சொன்னார்.

"அம்மா தூங்கின பிறகு கழுத்துக்கு ரெண்டு பக்கமும் விறைப்பூசி போடுறது. தோலுக்குப் போற நரம்பு மட்டும் விறைச்சு மரத்துப் போகும். எழும்பினா வலி குறைவு."

"குரல் நரம்பும் அங்கதானே டொக்டர் இருக்கு?"

"அது உள்ளுக்கு. இது மேல."

மேலேயாம், உள்ளுக்காம்! பல் பிடுங்க விறைப்பூசி போட்ட அன்று வாய் ஒரு பக்கம் கோணி, பொழுது சாயும்வரை சோறுகூடக் கேட்க முடியாமல் கிடந்தவள் நான். சூடு கண்ட பூனை அடுப்பங்கரைக்குப் போகுமா? வேண்டாம் என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். பக்கத்தில் நின்ற மகள் முந்திக்கொண்டாள்.

"போடுங்க டொக்டர். அம்மா வலி தாங்க மாட்டாங்க."

அவளை முறைத்துக்கொண்டே கையெழுத்துப் போட்டேன்.

கண் விழித்தபோது கழுத்தில் கட்டு இருந்தது, வலி இல்லை. சந்தோஷப்பட வேண்டியவள் சந்தேகப்பட்டேன். காது மடலைக் கிள்ளிப் பார்த்தேன். வேறு யாருடைய காதையோ கிள்ளுவது போல இருந்தது. காதே செத்துக் கிடக்கிறது, குரல் மட்டும் எங்கே பிழைத்திருக்கப் போகிறது! பேசிப் பார்த்து, வராமல் போனால்? பேசாத வரைக்கும் அது போகவில்லை. வாயை இறுக மூடிக்கொண்டேன்.

தாதி என் பெயரைக் கேட்டார். தலையை ஆட்டினேன். வலிக்கிறதா என்றார். கையை ஆட்டினேன். பெரிய டொக்டர் வந்து "ஆ" சொல்லச் சொன்னார். வாயைத் திறந்தேன், சத்தம் விடவில்லை. அவர் முகம் மாறியது. பார்த்தாயா, நான் நினைத்தது சரி என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன். சத்தம் விடாதவள் நான்தான் என்பது எனக்கே மறந்துவிட்டது.

மூக்கு வழியாகக் குழாய் விட்டுக் குரல்வளையைப் பார்க்க வேண்டும் என்று பேசிக்கொண்டார்கள். மயக்க டொக்டரும் வந்து கட்டிலோரம் நின்றார், முகத்தில் இரத்தமே இல்லை. நோயாளி பார்க்கிற நேரத்துக்கு வந்த மகள் இதைக் கேட்டதும் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழ ஆரம்பித்தாள்.

"நான்தாங்க போடச் சொன்னேன். அம்மாவுக்கு இஷ்டமே இல்லீங்க. அவங்க குரல நான்தாங்க கெடுத்துட்டேன்."

ஐயோ, என்ன பாவம் பண்ணிக்கொண்டிருக்கிறேன்!

"அடியே, அழாத. பயத்துல வாயத் தொறக்காம இருந்துட்டேன்" என்றேன்.

கரகரப்பாக வந்தது. ஆனால் என் குரல்தான். மயக்க டொக்டர் பெருமூச்சு விட்டு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். மகள் குனிந்து கட்டிக்கொள்வாள் என்று பார்த்தேன். அவள் என்னையே பார்த்தாள்.

"அப்ப இவ்வளவு நேரமும் உங்களால பேச முடிஞ்சிச்சா?"

கொண்டுவந்த கஞ்சிப் போத்தலை மேசையில் வைத்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு வாசலை நோக்கி நடந்தாள். நான் பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். வார்டு முழுக்கத் திரும்பிப் பார்த்தது, அவள் மட்டும் திரும்பவில்லை.