கியர் பாக்ஸ் ஒழுகினால் கூப்பிடுங்கள்

தரையில் கிடக்கும் சொட்டு எங்கிருந்து விழுந்தது என்று கண்டுபிடிப்பதுதான் என் தொழில். காருக்கடியில் படுத்துக்கொண்டே மானம் போகக்கூடிய தொழில் இது ஒன்றுதான் என்று நினைக்கிறேன்.

தொண்ணூறுகளில் மைசூரில், சிவண்ணா என்பவரின் ஒர்க் ஷாப்பில் வேலை பார்த்தேன். வண்டியை எடுத்துவர முடியாதவர்கள் போன் செய்தால், மொபெட்டில் ஸ்பானர் பையை மாட்டிக்கொண்டு வீட்டுக்கே போக வேண்டும். கியர் ஆயில் அளவு பார்ப்பது, ஒழுகலைக் கண்டுபிடிப்பது இரண்டும் என் பொறுப்பு. சொட்டு முன்பக்கம் விழுந்தால் என்ஜின், நடுவில் விழுந்தால் கியர் பாக்ஸ், சக்கரத்துக்கு உள்பக்கம் என்றால் ஆக்சில் சீல், அதாவது ஆயிலை அடைத்து நிறுத்தும் ரப்பர் வளையம். கேட்க எளிதாகத்தான் இருக்கிறது. வீட்டுக்காரர்கள் சுற்றி நின்று வேடிக்கை பார்க்கும்போது செய்து பாருங்கள். உங்களில் யாராவது அப்படிப் படுத்து எழுந்தவர்களாக இருந்தால், மேற்கொண்டு நான் சொல்லாமலே புரியும்.

சோர்வு

ஈரோட்டிலிருந்து வந்த புதிது. அக்கா வீட்டுக்காரருக்கு மைசூரில் ரயில்வே வேலை. அவரை நம்பி அம்மாவும் நானும் வந்திருந்தோம். எனக்குக் கன்னடம் அரைகுறை. ஒரு நாள் சிவண்ணா இல்லாத நேரத்தில் போன் வந்தது. ஹெப்பாள் பக்கம் ஒரு ஃபாக்டரியின் சூப்பர்வைசர். கார் "சோர்த்தா இதே" என்றார். ஓ, வண்டி சோர்ந்துபோகிறது, இழுவை இல்லை என்று எனக்கு நானே மொழிபெயர்த்துக்கொண்டேன். பிளக், பாயிண்ட், கார்புரேட்டர் ஜெட் எல்லாம் எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

பானெட்டைத் திறந்து கார்புரேட்டரைக் கழற்றி, பெட்ரோலில் கழுவி, திரும்ப மாட்டினேன். பிளக்குகளைத் தேய்த்தேன். சூப்பர்வைசர் பொறுமையாகப் பார்த்துக்கொண்டே இருந்தார். வேலை முடிந்தது என்று கையைத் துடைத்தபோது என் செருப்பு வழுக்கியது. கீழே பார்த்தால் கியர் பாக்ஸிலிருந்து ஆயில் சொட்டிச் சொட்டி ஒரு குட்டையே கட்டியிருந்தது. கன்னடத்தில் 'சோர்த்தா இதே' என்றால் ஒழுகுகிறது என்று அர்த்தம். அவர் எனக்காகத் தமிழிலேயே சொன்னார்: "சோர்றது கீழே ஸ்வாமி. நீங்க ஏன் மேலே தேட்றீங்க?"

கந்தக வாசனை

சரஸ்வதிபுரத்தில் ஓர் ஐயங்கார் வீடு. ரிட்டயரான மாமா, காரைக் குழந்தை மாதிரி வைத்திருப்பவர். போர்ட்டிகோவில் சொட்டு விழுகிறது என்றார். ராத்திரி வண்டிக்கடியில் பேப்பர் விரித்து வைக்கச் சொல்லிவிட்டுக் காலையில் போனேன். பேப்பரில், முன் சக்கரத்துக்கு உள்பக்கமாக, கருஞ்சிவப்பாக ஒரு வட்டம். விரலில் தொட்டுத் தேய்த்தேன். முகர்ந்தேன். நெடி சுருக்கென்று ஏறியது. கியர் ஆயிலில் கந்தகம் கலந்திருக்கும், அந்த வாசனையை வைத்தே கண்டுபிடித்துவிடலாம் என்று மாமாவுக்கு விளக்கினேன். அவரும் முகர்ந்து பார்த்து, ரொம்ப மரியாதையாகத் தலையை ஆட்டினார்.

ஜாக்கி போட்டுச் சக்கரத்தைக் கழற்றி, ஆக்சிலை வெளியே இழுத்தேன். சீல் புத்தம் புதிதாக இருந்தது. அதையே திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தபோது மாமி வந்தார். ஒரு வாரமாக வெயிலில் வைத்து ராத்திரி உள்ளே எடுத்துப் போகும் ஆவக்காய் ஜாடி வழியில் சொட்டுமாம், முந்தின ராத்திரி பேப்பரிலும் கொஞ்சம் சிந்திவிட்டதாம். பழைய பேப்பர்தானே என்று விட்டுவிட்டாராம். கடுகு நெடியைத்தான் நான் கந்தகம் என்று பாடம் நடத்தியிருக்கிறேன். மாமா அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் தோள் மட்டும் குலுங்கியது. மாமி சிரிக்கவே இல்லை. அக்கறையாகத்தான் கேட்டார்: "அவ்வளவு நேரம் முகர்ந்து பாத்தேளே, காரம் சரியா இருக்கோ சொல்லுங்கோ."

ஆயில் குச்சி

விமலா மேடம் மைசூரிலிருந்து தினமும் போய் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் ஒரு காலேஜில் பாடம் எடுத்தார். சின்ன வயதில் வந்த போலியோவில் இடது கால் சூம்பியிருந்தது. கைத்தடி ஊன்றி நடப்பார். வெளிநாட்டில் இருக்கும் அண்ணன் அவருக்காகக் கிளட்ச் இல்லாத ஆட்டோமேடிக் கார் ஒன்றை வரவழைத்துக் கொடுத்திருந்தார். அதுவரை பஸ்ஸில் யாராவது கை கொடுத்தால்தான் ஏற முடியும் என்றிருந்தவர், தானே ஓட்டிக்கொண்டு போய்வர ஆரம்பித்திருந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை, காருக்கடியில் சிவப்பாகச் சொட்டுகிறது என்று கூப்பிட்டார். அந்த மாதிரி வண்டியை நான் தொட்டதே இல்லை. தெரியாது என்று சொல்ல வாய் வரவில்லை. நல்லவேளையாக ஒரு குழாய் ஜாயிண்ட் லூசாகியிருந்தது, இறுக்கினேன். சொட்டு நின்றது. அத்தோடு எழுந்து வந்திருக்கலாம்.

அளவையும் பார்த்துவிடுகிறேன் என்று, கோடு போட்ட ஆயில் குச்சியை உருவினேன். ஆயில் கோட்டுக்கு மேலே நின்றது. அதிகம் என்று முடிவு கட்டி, கோடு வரும்வரை ஒரு டப்பாவில் இறக்கினேன். நடுநடுவே அவர் வண்டியை எடுத்து முன்னால் பின்னால் நகர்த்திக் காட்டினார். அவர் எப்படி ஏறி உட்காருகிறார், எந்தக் காலால் மிதிக்கிறார் என்பதுதான் எனக்கு வேடிக்கையாக இருந்தது.

மறுநாள் காலை, மேடம் நம்பர் கொடுத்தனுப்பிய யாரோ ஒருவர் ஒர்க் ஷாப்புக்கு போன் செய்தார். ஸ்ரீரங்கப்பட்டணம் போகும் வழியில் வண்டி நின்றுவிட்டது. என்ஜின் உறுமுகிறது, சக்கரம் நகரவில்லை. நல்லவேளை, இறக்கிய ஆயிலை அப்படியே வைத்திருந்தேன். டப்பாவோடு பறந்தேன். கரும்பு வயல் ஓரமாகக் கைத்தடியை ஊன்றிக்கொண்டு நின்றிருந்தார். உட்கார ஒரு கல்கூட இல்லை. போகிற பஸ்ஸில் எல்லாம் ஜன்னலோரத் தலைகள் அவர் பக்கம் திரும்பின. நான் குச்சியை உருவியதும் கையை நீட்டி வாங்கினார். கைக்குட்டையால் துடைத்தார். அதிலேயே பொடி எழுத்தில், இங்கிலீஷில் போட்டிருந்தது: என்ஜின் சூடாக, ஓடிக்கொண்டிருக்கும்போதுதான் அளவு பார்க்க வேண்டும். நான் அணைத்துவிட்டுப் பார்த்திருந்தேன். ஆயிலைத் திரும்ப ஊற்றியதும் வண்டி நகர்ந்தது. கதவைச் சாத்துவதற்கு முன், கோபமே இல்லாத குரலில் சொன்னார்: "நேத்து என் காலைப் பாத்துட்டிருந்த நேரத்துல இதைப் படிச்சிருக்கலாம் நீங்க."

அடியில் யார்?

அம்மா எனக்குப் பெண் தேடிக்கொண்டிருந்த சமயம். குண்டலுபேட்டையில் மளிகை வியாபாரம் செய்யும் பழனிச்சாமி என்பவரின் மகள் ஜாதகம் பொருந்தியது. என்னைக் கார் கம்பெனி இன்ஜினீயர் என்று அம்மா சொல்லிவைத்திருந்தாள். எனக்கு அது தெரியும். அவர் எங்கள் வீட்டுக்கு வந்த அன்று, மண்ணெண்ணெய் போட்டு நகக்கண் வலிக்கத் தேய்த்த கையோடு, இஸ்திரி போட்ட சட்டையில் உட்கார்ந்திருந்தேன். அவருக்கு என்னைப் பிடித்துப்போயிற்று.

அடுத்த வாரம் குவெம்புநகரில் கான்டிராக்டர் சண்முகம் வீட்டில், அம்பாசிடருக்குக் கியர் ஆயில் மாற்றும் வேலை. அடியில் படுத்து, தட்டை வைத்து, பழைய ஆயில் இறங்குவதற்காக அடிப் பிளக்கைக் கழற்றியிருந்தேன். கேட் திறந்தது. பளிச்சென்று ஒரு வேட்டி, இரண்டு செருப்பு. குரலைக் கேட்டதும் தெரிந்துவிட்டது. பழனிச்சாமிதான். சண்முகத்துக்குச் சொந்தக்காரராம்.

"பொண்ணுக்கு மைசூர்லயே அமைஞ்சிருக்குதுங்க. கார் கம்பெனி இன்ஜினீயரு. கையைப் பாக்கோணுமே, அத்தனை சுத்தம்!" என்றார். பிறகு குரலைத் தணித்துக்கொண்டு, மகள் தாயில்லாமல் வளர்ந்தவள், முன்னால் ஓர் இடம் நிச்சயம் வரை போய் நின்றுவிட்டது, அதிலிருந்து அவள் கோயிலுக்குக்கூட வெளியே வருவதில்லை என்றெல்லாம் சொன்னார். சொல்லும்போது அழுதார். நான் மூச்சை அடக்கிக்கொண்டு கிடந்தேன். பிளக்கை மாட்டினால் சத்தம் கேட்கும் என்று மாட்டவில்லை. சின்னத் தட்டு நிரம்பியது. ஆயில் மெல்ல ஊர்ந்துபோய் அவர் செருப்பைத் தொட்டது.

"அடியில யாரு?" என்று குனிந்தார். சண்முகம், "நம்ம மெக்கானிக் தம்பிதான். வெளிய வாப்பா" என்றார். வந்தேன். அவர் என் முகத்தைப் பார்த்தார், பிறகு கையைப் பார்த்தார். செருப்பைத் தரையில் தேய்த்துத் துடைத்துக்கொண்டு கேட்டைப் பார்த்து நடந்துவிட்டார்.

மறுநாள் பஸ் ஏறி குண்டலுபேட்டைக்குப் போனேன். கடையில் உட்காரவைத்துக் காபி வரவழைத்துக் கொடுத்தார். இன்ஜினீயர் இல்லை என்பதை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும், மன்னியுங்கள் என்றேன். அந்தச் சம்பந்தம் முடிந்துபோனது என்பது அவர் என் முகத்தைப் பார்க்காமல் பேசியபோதே புரிந்துவிட்டது. அவர் சொன்னது இவ்வளவுதான்: "மெக்கானிக்குன்னா எனக்கு ஒண்ணும் கொறச்சல் இல்லீங்க தம்பி. எம் பொண்ணைப் பத்தி நான் அழுது பேசறதைக் கேட்டுக்கிட்டே சத்தங்காட்டாம படுத்திருந்தீங்க பாருங்க, அதுதான் மனசுக்கு ஆகலை."

எந்த வண்டியில் எது ஒழுகினாலும் ஏதோ ஒரு சீல் போட்டு நிறுத்திவிட்டேன். என் முகத்தில் வழிந்த அசட்டுக்கு மட்டும் மைசூர் முழுக்கத் தேடியும் பொருத்தமான சைஸ் கிடைக்கவில்லை.