நல்ல தண்ணீரில் இரண்டரைக் கிலோ

வாசிக்கும் ஐயா, அம்மா அவர்களுக்கு வணக்கம். கோடையில் பழவேற்காடு ஏரித் தண்ணீரைத் தொட்ட விரல் காய்ந்தால், அதன்மேல் உப்பு வெள்ளையாகப் பூத்து நிற்கும்; அதை நக்கிப் பார்த்தே வளர்ந்தவள் நான். அந்த உப்பு என் தம்பியின் பிறப்பில் செய்த குறும்பை இங்கே எழுதுகிறேன்.

அப்போது எனக்குப் பத்து வயது. தம்பி பிறந்த மறுநாள் காலை, தோணியில் வந்த நர்சம்மாவின் எடைத் தராசு துருப்பிடித்து இறுகிப்போயிருந்தது. "ரெண்டரை கிலோவுக்குக் கொறைஞ்சா புள்ளைய டவுன் ஆஸ்பத்திரியில சேத்தாவணும்" என்றார். எழுந்து உட்காரவும் இயலாதிருந்த அம்மாவுக்கு, பிள்ளையை மட்டும் பிரித்தனுப்ப மனம் ஒப்பவில்லை. ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ என்று பள்ளியில் படித்திருந்த நான், "தண்ணியாலயே நிறுத்துடலாம் நைனா" என்று அப்பாவிடம் சொன்னேன்.

நைனா துடுப்பின் நடுவில் கயிறு கட்டித் தொங்கவிட்டு, இரு முனைகளிலும் ஒரே அளவுள்ள அலுமினியக் "குண்டான்"களைக் கட்டினார். ஒன்றில் தம்பியைக் கிடத்தினோம். மற்றதில் அரை லிட்டர் அளவையால் ஐந்து முறை தண்ணீர் ஊற்றினேன். "நல்ல தண்ணி" அக்கரையிலிருந்து குடங்களில் வருவது என்பதால், அதை வீணாக்காமல் ஏரித் தண்ணீரையே மொண்டு வந்திருந்தேன். தண்ணீர்ப் பக்கம் தாழ்ந்தது. தம்பி மேலே போனான். நர்சம்மா துணிமணி எடுத்து வைக்கச் சொன்னார்.

உள்ளிருந்து அம்மாவின் குரல் வந்தது. "இன்னா தண்ணிடி ஊத்துன?"

"ஏரித் தண்ணிம்மா."

"அடிப் படிச்ச கழுதை! உப்புத் தண்ணி கனம்டி. மழைத் தண்ணி ஏரியில கலந்தா நம்ம தோணி இன்னும் அமுங்குதா இல்லியா? உங்க நைனாவக் கேளு."

நைனா தலையைச் சொறிந்தார். "ஆமா, ஒரு விரக்கட அமுங்கும்."

"இத மொதல்லயே சொல்றதுக்கு இன்னா?" என்றார் நர்சம்மா.

"யாரு கேட்டா?" என்றார் நைனா.

குண்டானைக் கழுவி, குடத்து நல்ல தண்ணீரை அதே ஐந்து அளவை ஊற்றினேன். துடுப்பு ஆடி ஆடி நின்றபோது தம்பியின் பக்கம் நூலளவு தாழ்ந்திருந்தது. அந்நேரம் பார்த்து அவன் குண்டானுக்குள்ளேயே சிறுநீர் கழிக்க, "அதுவும் அவன் எடையில சேத்திதான்" என்று சிரித்த நர்சம்மா, அட்டையில் "இரண்டரைக் கிலோ, நல்ல தண்ணீரில்" என்று எழுதிக் கொடுத்தார். அம்மா பிள்ளையை வாங்கி மார்போடு அணைத்துக்கொண்டாள். நிறுத்த தண்ணீரில் அன்று சோறு பொங்கினோம்.

இன்று தம்பி தொண்ணூறு கிலோ. மீஞ்சூருக்குப் போகையில் எடைப் பொறியில் ஏறச் சொன்னால், "என்னிய ஏரித் தண்ணியிலயே நிறுத்துப் பாருக்கா, கொறைவாக் காட்டும்" என்கிறான். குடங்களின் இடத்தில் குழாயும், துடுப்பின் இடத்தில் எஞ்சினும் வந்துவிட்டன. அந்த அட்டையைக் கரையான் தின்றுவிட்டது. அதற்குப் பதிலாக இந்தக் குறிப்பைப் பத்திரமாக வைத்திருக்குமாறு தங்களைக் கேட்டுக்கொள்கிறேன்.