பட்டை முடிகிற இடம்

போன மாசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் எங்கள் மாப்பிள்ளையிடம் பேசிவிட்டேன்.

இதில் என்ன அதிசயம் என்கிறீர்களா? மகளுக்குக் கல்யாணமாகிப் பதினோரு வருஷம். அதுவரைக்கும் அவரிடம் நேருக்கு நேர் ஒரு வார்த்தை பேசியது கிடையாது.

சண்டையா? சேச்சே... எங்கள் குடும்பத்தில் மாமியார்கள் மாப்பிள்ளை முகத்தைப் பார்த்துப் பேச மாட்டார்கள். அவர் கூடத்தில் உட்கார்ந்தால் நான் அடுப்படியில் நிற்பேன். 'இன்னொரு தோசை வைக்கவா' என்பது என் மகள் சரசு வழியாகப் போகும். 'போதும்' என்பதும் அவள் வழியாகவே வரும். இப்போதெல்லாம் மற்ற வீடுகளில் மாமியாரும் மாப்பிள்ளையும் சேர்ந்து உட்கார்ந்து சீரியல் பார்க்கிறார்கள். தெரியும். ஆனால் எனக்கு வழக்கத்தோடு கூச்சமும் சேர்ந்துகொண்டது. அப்படியே விட்டுவிட்டேன்.

மாப்பிள்ளை கீரனூர்ப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் டிரில் மாஸ்டர். வயசு நாற்பதைத் தொடப் போகிறது. நல்ல மனுஷர். ஒரே ஒரு கிறுக்கு உண்டு — சைக்கிள்.

நாம் மார்க்கெட்டுக்கு ஓட்டுகிற சைக்கிள் இல்லை. மலை உச்சிக்கு ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போய், அங்கிருந்து கல் மேலும் வேர் மேலும் குதித்துக் குதித்து இறங்குகிற சைக்கிள். டவுன்ஹில் என்று பெயராம். ஏறுவதற்கு ஆகாதாம். இறங்குவதற்கு மட்டும்தானாம். கோயம்புத்தூரில் இதற்கென்று ஒரு கூட்டமே இருக்கிறதாம்.

சரசுவிடம் கேட்டேன். "இறங்குறதுக்கு எதுக்குடி சைக்கிளு? விழுந்தாலே இறங்கிரலாமே."

"நீயே அவர்கிட்ட கேளு."

கேட்க முடிந்தால் நான் ஏன் அவளிடம் கேட்கிறேன்?

நான் அஞ்சாங்கிளாஸோடு நின்றவள். ஆனால் சைக்கிள் தெரியும். நாகல் நகரில் எங்கள் வீட்டுக்காரர் சைக்கிள் கடை வைத்திருந்தார். கடைக்கு முன்னால் அவர், பின்னால் நான். ரிம்முக்கு ஸ்போக்ஸ் கோர்ப்பது, சக்கரத்தில் கோட்டம் எடுப்பது எல்லாம் என் வேலை. அவர் போன பிறகும் மற்ற கடைக்காரர்கள் ரிம்மை வீட்டுக்கே கொடுத்தனுப்புகிறார்கள். யார் முகத்தையும் பார்க்க வேண்டாத வேலை... எனக்கு அதுதான் தோது.

அதனால்தான் மாப்பிள்ளை அந்த இரண்டு பிரேமையும் எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்தார். சிநேகிதர் ஒருவர் வைத்திருந்த பழைய வெளிநாட்டுப் பிரேம்கள். 'எது வேணுமோ எடுத்துக்கோ' என்றிருக்கிறார். ஒன்று கறுப்பு, ஒன்று சிவப்பு. கறுப்பில் குழாய் ஒவ்வொன்றும் என் கைத் தண்டி இருந்தது. பெயிண்ட் முகம் பார்க்கிற மாதிரி மினுங்கியது. சிவப்பு கொஞ்சம் ஒல்லி. அங்கங்கே பெயிண்ட் உரிந்து, பார்க்கவே பாவமாக இருந்தது.

இரண்டுக்கும் சக்கரமும் பெடலும் மட்டும் மாட்டினார். ஒரு பெடலைக் கீழே கொண்டுவந்து, அதன் மேல் காலை வைத்துப் பக்கவாட்டில் அழுத்தினார். சிவப்பில் செயின் வீல் ஒரு நெல்லளவு நகர்ந்து, காலை எடுத்ததும் திரும்பி வந்தது. கறுப்பு அசையவே இல்லை. சுவரை மிதித்த மாதிரி நின்றது.

"சரசு, அத்தைகிட்ட ஒரு வார்த்தை கேட்டுச் சொல்லு. ரெண்டுல எது விறைப்புன்னு. எறங்கையில பிரேம் நெளிஞ்சா சக்கரம் ஒரு பக்கம் போகும், நாம ஒரு பக்கம் போவோம்."

இதை அவர் அடுப்படிக்குக் கேட்கிற மாதிரி சொல்லிவிட்டு, நான் வெளியே வரத் தோதாகத் தெருமுனைக்கு நடந்துவிட்டார். அவ்வளவு மரியாதைக்காரர்.

நான் போய்ப் பார்த்தேன். பின் அச்சில் நூலைக் கட்டி, முன்னால் ஹேண்டில் கழுத்தைச் சுற்றி, மறுபக்கம் கொண்டுவந்து இழுத்துப் பிடித்தேன். நடுக்குழாய்க்கும் நூலுக்கும் உள்ள இடைவெளி இரண்டு பக்கமும் ஒன்றாக இருந்தால் பிரேமில் கோட்டம் இல்லை. இரண்டுமே நேராகத்தான் இருந்தன. அப்புறம் ஸ்போக்ஸ் சாவியால் தட்டிக்கொண்டே வந்தேன். சிவப்பு எங்கே தட்டினாலும் 'ணங்' என்றது. கறுப்பும் அப்படித்தான் — கழுத்துப் பக்கம் வருகிற வரைக்கும். அங்கே மட்டும் 'ணத்' என்று அமுங்கிப் போனது.

விரலால் தடவினேன். பெயிண்டுக்கு அடியில் ஒரு மேடு. யாரோ அந்த இடத்தில் தகட்டுப் பட்டை வைத்து வெல்டிங் அடித்து, மேலே பட்டி பூசி, புதுப் பெயிண்ட் அடித்திருக்கிறார்கள்.

நம்ம ஊரில் இது சகஜம். பால் கேன், வெங்காய மூட்டை, வாழைத்தார் என்று சைக்கிளில் ஏற்றாத பாரம் உண்டா? பிரேம் தளர்ந்தால் பட்டை வைப்பார்கள். பட்டை வைத்த இடம் உடைந்து நான் பார்த்ததில்லை. பட்டை முடிகிற இடத்தில்தான் உடையும். பட்டை அசைய மாட்டேன் என்று நிற்கும். அதற்கு அடுத்த இடம் அம்புட்டு ஆட்டத்தையும் வாங்கிக்கொள்ளும்.

மூட்டைச் சைக்கிளுக்காவது பாரம் பின்னால். இவர் மலையிலிருந்து இறங்குகிறவர். மொத்தப் பாரமும் அந்தக் கழுத்தில்தானே விழும்?

சரசு மிக்ஸியில் சட்னி அரைத்துக்கொண்டிருந்தாள். அவளிடம் சொன்னேன்.

"கறுப்புதான் விறைப்பு. ஆனா கழுத்துல பட்டை வச்சிருக்கு, தட்டினா சத்தம் சரியில்ல. பெயிண்ட்டச் சுரண்டிப் பாத்துட்டு அப்புறம் எடுக்கச் சொல்லு. சந்தேகமா இருந்தா சிவப்பே போதும். லேசா அசையிறது ஒண்ணும் செய்யாது."

"ம்."

நான் என் வேலையைப் பார்க்கப் போய்விட்டேன். சொல்லியாகிவிட்டது அல்லவா?

அடுத்த வாரம் சனிக்கிழமை இருட்டுகிற நேரத்துக்கு மாப்பிள்ளையும் சரசுவும் வந்தார்கள். மறுநாள் மாப்பிள்ளை சிநேகிதர்களோடு சிறுமலையில் இறங்கப் போகிறாராம். தார் ரோட்டில் இல்லை. வாழைத்தார் சுமந்து குதிரைகள் வருகிற ஒற்றையடிப் பாதையில்.

காலையில் சரசு பூ வாங்க மார்க்கெட்டுக்குப் போய்விட்டாள். வாசலில் மாப்பிள்ளையும் சைக்கிளும். கறுப்புப் பிரேம். சரி, சுரண்டிப் பார்த்துத் திருப்தியாகித்தான் எடுத்திருப்பார் என்று நினைத்துக்கொண்டே காபி கொண்டுபோனேன். டம்ளரை ஸ்டூலில் கொஞ்சம் சத்தமாக வைப்பேன். காபி வந்துவிட்டது என்று அர்த்தம்.

வைத்துவிட்டுத் திரும்பும்போதுதான் கழுத்தைப் பார்த்தேன். ஒரு கீறல் இல்லை. அதே மினுக்கம்.

யார் வழியாகச் சொல்வது? வீட்டில் வேறு ஆள் இல்லை. வாசல் தண்ணீர்க் குழாயைப் பார்த்துச் சொன்னேன்.

"கழுத்துப் பக்கம் சுரண்டிப் பாத்தாச்சோ என்னமோ..."

குழாய் பேசாமல் இருந்தது. மாமியார் தனக்குத்தானே பேசிக்கொள்வதைக் காதில் வாங்கக் கூடாது என்று நினைத்தாரோ என்னவோ, மாப்பிள்ளை ஹெல்மெட்டை எடுத்து மாட்டிக்கொண்டார். முகவாய்க்கட்டை வரைக்கும் மூடுகிற ஹெல்மெட். இனி குழாயிடம் சொல்லியும் புண்ணியம் இல்லை.

செல்போனில் மிஸ்டு கால் வந்தது. பின்னாலேயே ஜீப் வந்து நின்றது. கோயம்புத்தூர் சிநேகிதர்கள் இரண்டு பேர். மாப்பிள்ளை சைக்கிளைத் தூக்கினார். முன் சக்கரம்தான் எழுந்தது, பின் சக்கரம் வரவில்லை. திரும்பிப் பார்த்தார்.

பின் சக்கரத்தை நான் பிடித்துக்கொண்டிருந்தேன்.

"மாப்பிள்ளை, இது வேணாம்."

என் குரல்தான். எனக்கே யாரோ பேசுகிற மாதிரி இருந்தது. அவர் மெதுவாக ஹெல்மெட்டைக் கழற்றினார்.

"என்னங்க அத்தை?"

"கழுத்துல வெடிப்பு இருக்கும்போல. சுரண்டிப் பாத்துட்டுப் போங்க. செத்த நேரம்தான்."

ஜீப்பில் இருந்தவர்களில் ஒருவர் சிரித்தார். "மாஸ்டர், மாமியார்கிட்ட எஃப்.சி. காட்டிட்டு வாங்க. நாங்க வெயிட் பண்றோம்."

"கொஞ்சம் சும்மா இருங்கப்பா," என்றார் மாப்பிள்ளை.

காய் நறுக்குகிற கத்தியைக் கொண்டுவந்து கொடுத்தேன். சுரண்டினார். பெயிண்ட் உரிந்தது, பட்டி உதிர்ந்தது, பட்டையின் ஓரம் தெரிந்தது. வெடிப்பு? எதுவும் தெரியவில்லை. சிரித்த சிநேகிதர் இறங்கி வந்து குனிந்து பார்த்தார்.

"ஒண்ணுமில்லையே."

என் நிலைமையை யோசித்துப் பாருங்கள். பதினோரு வருஷம் பேசாதவள் வாயைத் திறந்ததே இதற்குத்தான். தப்பாகிவிட்டால் இன்னும் பதினோரு வருஷம் உள்ளே போய் உட்கார்ந்துகொள்ள வேண்டியதுதான். அதுகூடப் பரவாயில்லை. வெடிப்பு இருந்து, கண்ணில் படாமல், அவர் கிளம்பிப் போய்விட்டால்?

உள்ளே போய் மண்ணெண்ணெய் எடுத்து வந்தேன். பட்டையின் ஓரத்தில் துணியால் தடவி, கொஞ்சம் ஊறவிட்டு, சுத்தமாகத் துடைத்தேன். இதற்குமேல் சாக்பீஸ் பொடி தூவுவது கடை வழக்கம்; வெடிப்புக்குள் இறங்கின எண்ணெய் பொடியில் கசிந்து காட்டிக்கொடுக்கும். வீட்டில் சாக்பீஸ் ஏது? சாமி மாடத்திலிருந்து திருநீற்றுத் தட்டை எடுத்து வந்து பூசினேன்.

சிநேகிதர் சிரிப்பை அடக்குவது தெரிந்தது. நான் தலையைத் தூக்கவில்லை.

கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. அப்புறம் வெள்ளைத் திருநீற்றில் மயிர்க் கனத்தில் ஒரு ஈரக் கோடு ஊறி வந்தது. பட்டை முடிகிற இடத்தில். பேனாவால் இழுத்த மாதிரி மெதுவாக நீண்டு, குழாயில் பாதி சுற்று வந்து நின்றது.

மாப்பிள்ளை நகத்தால் அந்தக் கோட்டைத் தடவினார். பிரேம்களைக் கொடுத்தவர் அந்தச் சிரித்த சிநேகிதர்தானாம். "எனக்கே தெரியாதுங்கம்மா, சத்தியமா... நான் வாங்கறப்பவே இந்தப் பெயிண்ட்தான்," என்றார். முகம் வெளுத்துவிட்டது. பாதி மலையில் ஹேண்டிலும் முன் சக்கரமும் ஒரு பக்கம், ஆள் ஒரு பக்கம் — அவருக்கும் அந்தப் படம் ஓடியிருக்க வேண்டும்.

மாப்பிள்ளை ஸ்டூலில் உட்கார்ந்து, ஆறிப்போன காபியை ஒரே மடக்காகக் குடித்தார்.

"போன வாரமே கேட்டு உட்டனுங்களே அத்தை. கறுப்புதான் விறைப்புன்னு நீங்க சொன்னதாச் சரசு சொல்லுச்சே."

"அது பாதிதான் மாப்பிள்ளை."

அந்த நேரம் பார்த்துப் பூவோடு சரசு வந்தாள். திருநீறு பூசின சைக்கிள். அதைச் சுற்றி நாங்கள்.

"பூசை போடுறீங்களா? பூ வேணுமா?"

"ஏ புள்ள, நான் சொன்னதுல மீதிய ஏன் சொல்லல?"

"நீ நீளமாச் சொன்னம்மா. மிக்ஸி வேற ஓடிக்கிட்டிருந்துச்சு. அவரு கேட்டது எது விறைப்புன்னு. அதைச் சொன்னேன்."

அவள் மேல் தப்பு சொல்ல முடியுமா? பதினோரு வருஷமாகத் தோசை எண்ணிக்கையைக் கொண்டுபோய்க் கொடுத்தவள். திடீரென்று அவளிடம் ஒரு உயிரைக் கொடுத்தனுப்பினால் என்ன செய்வாள்?

அப்புறம் நான் யோசித்துப் பார்த்தேன். விறைப்பை நாம் எப்படிச் சோதிக்கிறோம்? நமக்கு அழுத்த வசதியான இடத்தில் அழுத்திப் பார்க்கிறோம். அசையவில்லை என்றால் மொத்தமும் உறுதி என்று முடிவு கட்டிவிடுகிறோம். மரியாதை, வழக்கம் என்று நானும் எங்கள் நடுவில் ஒரு பட்டை வைத்திருந்தேன். அந்த இடத்தில் ஒன்றும் ஆகவில்லை. ஒரு சண்டை உண்டா, ஒரு மனஸ்தாபம் உண்டா? வெடிப்பு அடுத்த இடத்தில் வந்தது... அவர் கழுத்துக்கு.

அன்றைக்கு மலை இறங்கவில்லை. ஜீப்பில் போய்ச் சும்மா சுற்றிவிட்டு வந்தார்கள். அடுத்த ஞாயிறுக்குள் சிவப்புப் பிரேமுக்கு எல்லாவற்றையும் மாற்றினார். சக்கரம் இரண்டையும் நானே கட்டிக் கொடுத்தேன். பெடலை அழுத்திப் பார்த்து, "லேசா ஆடுதுங்களே அத்தை," என்றார். "ஆடட்டும் மாப்பிள்ளை. ஆடிட்டு எடத்துக்கு வருதுல்ல, அது போதும்," என்றேன். இறங்கினார். முழங்கையில் சிராய்ப்போடும் கையில் ஒரு சீப்பு மலைவாழையோடும் வந்து சேர்ந்தார்.

அவர் வீடு திரும்புகிற வரைக்கும் நான் எத்தனை தடவை தெருவை எட்டிப் பார்த்தேன் என்பதைச் சரசு யாரிடமும் சொல்ல வேண்டாம்.

இப்போது மாப்பிள்ளை என்னிடம் நேராகவே பேசுகிறார். நானும் பாதி முகத்தைப் பார்த்துப் பதில் சொல்கிறேன். போன வாரம் சாப்பிட உட்கார்ந்தவர் கொஞ்ச நேரம் தயங்கினார்.

"அத்தை, தப்பா நெனைக்காதீங்க. ரொம்ப வருசமாச் சொல்லோணும்னு இருந்தனுங்க. உங்க ரசத்துல புளி கொஞ்சம் தூக்கலுங்க."

எனக்கும் எங்கிருந்துதான் வாய் வந்ததோ. "அப்ப ஒரு நாள் நீங்க வைங்க மாப்பிள்ளை," என்று சொல்லிவிட்டேன்.

வைத்தார். நன்றாகவே இருந்தது. அதை மட்டும் இன்னும் அவரிடம் சொல்லவில்லை.