மேற்கு மதிலும் எஸ்தர் டீச்சரும்

புத்தூர் பஸ் நிலையத்தில் சித்தூர் வண்டிக்காக நின்றுகொண்டிருந்தபோது எஸ்தர் டீச்சரின் கணவர் தேவதாஸ் போன் செய்தார். "அண்ணா, எஸ்தர் போயிட்டாண்ணா. திருப்பதி ஆஸ்பத்திரியிலதான் இருக்கேன். பாடியைக் குடுக்க சாயந்திரம் ஆவும்னு சொல்றாங்க." எனக்குத் துக்கத்தைவிடக் கோபம்தான் முந்திக்கொண்டு வந்தது. அது இன்னும் ஆறவில்லை. ஆறட்டும் என்று காத்திருக்காமலே எழுதுகிறேன்.

எஸ்தர் டீச்சரை உங்களில் பலருக்குத் தெரியும். சித்தூரிலிருந்து திருப்பதி போகும் சாலையோரம் இருக்கிற எங்கள் சபைப் பள்ளியில் நான் கணக்கு வாத்தியார், அவர் தமிழ் டீச்சர். "எந்த வசனத்துல இருக்கு சார்?" என்பது அவர் வாயில் எப்போதும் இருக்கும். ஆலயத்தில் பெண்கள் இடப்பக்கம்தான் உட்கார வேண்டும் என்றால் கேட்பார். ஈஸ்டருக்கு முந்தைய லெந்து நாட்களில் கல்யாணம் கூடாது என்றால் கேட்பார். கிறிஸ்துமஸ் கேக்குக்கு மட்டும் வசனம் இருக்கிறதா டீச்சர் என்று நான் சீண்டினால், "அதைக் கேக்காம துன்னுடுவேன் சார்" என்று சிரிப்பார். அவரை வாயாடி என்றவர்களில் பலருக்கு அந்தக் கேள்வி எங்கே பிறந்தது என்று தெரியாது.

அவருடைய ஒரே குழந்தை, ஞானஸ்நானத்துக்குக் குறித்த ஞாயிறு வருவதற்குள் காய்ச்சலில் இறந்துபோனது. ஞானஸ்நானம் பெறாத பிள்ளையைக் கல்லறைத் தோட்டத்துக்குள் வைக்கும் வழக்கம் எங்கள் சபையில் இல்லை. மேற்கு மதிலுக்கு வெளியே, முள்செடிகளுக்கு நடுவே, மணி அடிக்காமல், ஜெபம் செய்ய ஆளில்லாமல் தேவதாஸே குழி வெட்டிப் புதைத்தார். பச்சை உடம்போடு வந்து "எங்க எழுதியிருக்கு ஐயா?" என்று டீச்சர் கேட்டதற்கு, அன்றைய போதகர், "எழுதலம்மா. ஆனா பெரியவங்க காலத்துலேர்ந்து இப்படித்தான்" என்றாராம்.

இடையில் சில மாதங்கள் திருப்பதியில் ஒரு வாடகை ஹாலில் நடந்த ஜெபக்கூட்டத்துக்குப் போனார். அங்கே வேதத்தில் இருப்பது மட்டுமே பேச்சு. சடங்கு, வழக்கம் எதுவும் கிடையாது. குழந்தை ஞானஸ்நானமே வேதத்தில் இல்லை, உன் பிள்ளை மேல் ஒரு குற்றமும் இல்லை என்று அங்கிருந்த பிரசங்கியார் சொன்னது டீச்சருக்குப் பெரிய ஆறுதல். ஆனால் பிள்ளையை ஒரு நல்ல இடத்தில் வைக்க வழி கேட்டபோது, "மண்ணுக்குப் போனதை வெச்சு அழறது அவிசுவாசம் சிஸ்டர்" என்று அதற்கும் ஒரு வசனம் காட்டினார். டீச்சர் திரும்பி வந்துவிட்டார். "அங்க வசனத்தால அடிக்கிறாங்க, இங்க வழக்கத்தால அடிக்கிறாங்க. இங்கயாவது பழகின கை சார்" என்றார்.

பிறகு சாலையை அகலப்படுத்த வந்தார்கள். மேற்கு மதிலை ஒட்டிய நிலம் முழுவதும் ரோட்டுக்குப் போகும் என்று கல் நட்டார்கள். டீச்சர் எம்ஆர்ஓ ஆபீசுக்கு, மண்டல வருவாய் அலுவலகத்துக்கு, ஓடினார். அங்கிருந்த தெலுங்கு அதிகாரி இரக்கமுள்ளவர். "சர்ச்சிவாள்ளு ஒக்க மாட்ட செப்பிதே சாலம்மா" என்றார். மதிலுக்கு வெளியேயும் எங்கள் கல்லறை உண்டு என்று சபை ஒரு வார்த்தை சொன்னால் போதும், எடுத்து உள்ளே வைக்க அவகாசம் கிடைக்கும்.

அந்த ஒரு வார்த்தைக்காகச் சபைக் கமிட்டி கூடியது. டீச்சர் எழுந்து நின்றார். "மோசே எகிப்தை விட்டுப் பொறப்பட்டப்போ யோசேப்போட எலும்பைத் தூக்கிக்கினு போனாரு. பின்னால படை வந்துக்கினு இருந்தப்பகூட அதைப் போட்டுட்டு ஓடல. இதோ வசனம் இருக்குது. என் புள்ளையோட எலும்பைத் தூக்க உடுங்க ஐயா."

இப்போதைய போதகர் கெட்டவர் அல்ல. "வேதம் வானத்துலேர்ந்து நேரா நம்ம கையில உழல டீச்சர். சபைதான் காப்பாத்திக் குடுத்தது. அந்தச் சபை வெச்ச ஒழுங்கை ஒண்ணொண்ணா கழட்டினா கடைசியில என்ன மிஞ்சும்?" என்றார். எளிதில் தள்ளக்கூடிய வாதம் இல்லை அது. நானும் இன்னொருவரும்தான் எழுதிக் கொடுக்கலாம் என்றோம். மற்றவர்கள், மதிலுக்கு வெளியே இருப்பதைக் கல்லறை என்று சபை ஒருநாளும் சொன்னதில்லை என்று முடித்துவிட்டார்கள். அடுத்த வாரமே இயந்திரம் வந்தது. டீச்சர் அன்று பள்ளிக்கு வந்து பாடம் நடத்தினார். அதன் பிறகு அவர் யாரிடமும் வசனம் கேட்கவில்லை.

புற்றுநோய் என்று திருப்பதியில் சேர்த்த பிறகு போதகரும் நானும் பார்க்கப் போனோம். எங்கள் தோட்டத்தில் எல்லோரையும் கிழக்கே கால் நீட்டித்தான் வைப்போம், ஆண்டவர் கிழக்கிலிருந்து வரும்போது அவரைப் பார்த்து எழ வேண்டும் என்று. போதகர்களை மட்டும் மேற்கே பார்க்கத் திருப்பி வைப்போம். அவர்கள் தங்கள் சபையைப் பார்த்து எழ வேண்டுமாம். டீச்சர் போதகரின் கையைப் பிடித்துக்கொண்டார். "என்னையும் திருப்பி வைங்க ஐயா. எழுந்திருக்கச்சே என் புள்ளை எதிர்ல இருக்கணும்." "பாக்கலாம்மா" என்றார் போதகர்.

அடக்கத்தன்று குழியோரத்தில் தேவதாஸ் அதை நினைவுபடுத்தினார். "இன்னிக்கு இதைச் செஞ்சா நாளைக்கு ஆளுக்கு ஒரு பக்கம் கேப்பாங்க தேவதாஸ்" என்று போதகர் தாழ்ந்த குரலில் சொன்னார். அவர் கண்ணும் கலங்கித்தான் இருந்தது. மணி அடித்தது, பாட்டு பாடினோம், ஒரு குறையும் வைக்கவில்லை. எல்லோரையும் போலக் கிழக்கே கால் நீட்டி, ரோட்டுக்கு முதுகைக் காட்டியபடி டீச்சரை இறக்கினார்கள். மதிலுக்கு அந்தப் பக்கம், பிள்ளையின் மேல் லாரிகள் போய்க்கொண்டிருந்தன.

அவரிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது அந்த வேண்டுகோளைத்தான். போதகரிடமும் என் மகனிடமும் சொல்லிவிட்டேன், உங்களுக்கும் சொல்கிறேன்: என்னை மேற்கு முகமாக வையுங்கள். வழக்கமில்லை என்பார்கள். எந்த வழக்கத்தையும் யாரோ ஒருவர்தான் முதலில் செய்திருப்பார். ஆண்டவரைப் பார்க்க நான் பிறகு திரும்பிக்கொள்கிறேன். தார் ரோட்டைப் பிளந்துகொண்டு அந்தப் பிள்ளை எழும்போது, எங்கள் சபையில் ஒருவனாவது அதன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.